பூட்டம்மா போட்ட பூட்டு

என் மருமகள் ஒரே ஒரு வியாழக்கிழமையில், உட்கார்ந்த இடத்தை விட்டு நாலு தடவைகூட எழுந்திருக்காமல், பத்தாயிரம் பேருடைய காதைத் திறந்து வைத்தவள். பத்தாயிரம் என்பதைக் கொஞ்சம் ஊதித்தான் சொல்கிறேன். எண்கள் விஷயத்தில் எனக்குக் கை தாராளம். பேரனுக்கு ஜுரம் நூறு என்றால் போனில் நூற்று மூன்று என்பேன். அப்போதுதான் அவன் அப்பா ஆபீஸை விட்டுக் கிளம்புவான். ஆனால் காதுகள் திறந்தது உண்மை. அவற்றில் ஒரு ஜோடி ஒரு தையல்காரருடையது என்பதும், அவருக்கு அன்று மாலை ஆறு மணி வரைதான் அவகாசம் இருந்தது என்பதும் உண்மை.

மருமகளுக்கு அவள் வேலை செய்யும் இடத்தில் பூட்டம்மா என்று பெயர். முதுகுக்குப் பின்னால்தான்; நேரில் மேடம். பெயர் வைத்தவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. வீட்டை விட்டுக் கிளம்பும்போது பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்ப்பாள். தெருமுனை வரை போய், ஒருமுறை திரும்பி வந்து நாலாவதாக இழுப்பாள். சமையலறையில் சீட்டு ஒட்டாத டப்பா கிடையாது. உப்பு டப்பாவில் 'உப்பு' என்று பெரிதாக எழுதி, அதன் கீழே சின்ன எழுத்தில் 'சர்க்கரை அல்ல' என்று எழுதியிருப்பாள். அந்த இரண்டாவது வரி யாருக்காக என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். கண்ணாடி போடாமல் காபி கலக்கியது நான்தான்.

கணக்கில் பட்டம் வாங்கிக்கொண்டு வேலைக்குப் போனவளை முதல் கம்பெனியில் மேசைக்கு அடியில் உட்கார வைத்துவிட்டார்கள். முந்நூறு மேசைகள். ஒவ்வொன்றின் கீழும் தவழ்ந்து போய், கணினிக்கு நெட்வொர்க் கேபிள் செருகி, எந்தக் கேபிள் எங்கே போகிறது என்று சீட்டுக் கட்ட வேண்டும். இரண்டு வருஷம் அதே வேலை. அந்த ஆபீஸில் அவளுக்கு முகங்கள் தெரியாது. செருப்பை வைத்து ஆளைச் சொல்வாள். என் மகனும் அங்கேதான் இருந்தான். எப்படிப் பழக்கம் என்று கல்யாணம் ஆன புதிதில் துருவித் துருவிக் கேட்டேன்.

"அவரோட செருப்பு ரெண்டும் ஒரே பக்கமாத் தேய்ஞ்சிருக்கும் அத்தை. பாவமா இருந்துச்சு."

அவ்வளவுதான் அவர்கள் காதல் கதை. பதினெட்டு வருஷமாக முயன்றும் இதற்கு மேல் ஒரு வரி எனக்குக் கிடைக்கவில்லை.

இப்போது அவள் இருப்பது ஒரு ஒலி நூலகத்தில். பார்வை இல்லாதவர்களும் பார்வை மங்கியவர்களும் வீட்டிலிருந்தே போனில் ஓர் எண்ணை அமுக்கினால், அங்கேயுள்ள கணினி புத்தகத்தைப் படித்துக் காட்டும். யாரோ ஒருவர் முன்பே படித்துப் பதிவு செய்த குரல்தான். அதன் அழகே வேறு. அழைப்பவர் யார் என்று தெரிந்துகொண்டு, "நீங்கள் நிறுத்திய இடம் இது" என்று சொல்லி, அங்கிருந்தே தொடங்கும். வாரத்துக்கு இரண்டு நாள் நானும் அங்கே போய் ஒலிப்பதிவு அறையில் உட்கார்ந்து படிக்கிறேன். அதனால் இனி வருவதெல்லாம் நான் கண்ணால் பார்த்தது; ஊதல் குறைவு.

இத்தனை பேருடைய 'நிறுத்திய இட'ங்களை நினைவில் வைத்திருந்தது பதினான்கு வயதான ஒரு கணினி. அங்கே எல்லோரும் அதைப் பெரியவர் என்பார்கள். அதன் காற்றாடி இழுத்து இழுத்து மூச்சு விடும். உதிரி பாகம் செய்த கம்பெனி எப்போதோ கடையைக் கட்டிவிட்டது. புதன்கிழமை சாயங்காலம் பெரியவர் ஒருமுறை நீளமாக முனகிவிட்டு நின்றார். பிறகு எழுந்திருக்கவில்லை.

பூட்டம்மா பதறவில்லை. தினமும் மத்தியானம் பெரியவருடைய ஹார்ட் டிஸ்க்கை அப்படியே முழு நகல் எடுத்து வைப்பது அவள் வழக்கம். போன வருஷம் வாங்கிய புதுக் கணினி ஒன்றும் இருந்தது. அதில் ஓடுவது லினக்ஸ் என்கிற இயங்குதளம். அதற்குள்ளே தடுப்புச் சுவர் எழுப்பி, உடம்பில்லாத கணினிகளைக் குடிவைக்கலாம். வி.எம். என்பார்கள். குடியிருப்பவருக்குத் தனக்கு உடம்பில்லை என்பதே தெரியாது. வியாழக்கிழமை காலை பத்து மணிக்கெல்லாம் பெரியவரின் நகல் அந்தப் புது வீட்டுக்குள் கண்ணைத் திறந்து, தன் பழைய நெட்வொர்க் கார்டை எங்கே என்று தேடியது. புதுக் கார்டின் பெயரை அவள் சொல்லிக் கொடுத்ததும், பழைய முகவரியைப் போட்டுக்கொண்டு வேலைக்குத் தயாராகிவிட்டது.

பெரியவர் பிழைத்துவிட்டார். ஆனால் அவரோடு வெளியார் யாரும் பேச முடியவில்லை.

பதினோரு மணிக்கு நூலகரின் மேசையில் போன் அடித்தது. நூலகர் ஒல்லியான மனிதர். கவலை வந்தால் பேனாவை மூடி மூடித் திறப்பார். ஸ்பீக்கரில் போட்டார்.

"சார், தையல்காரன் பேசுறேன். எண்ணை அமுக்கினா மூச்சே காட்ட மாட்டேங்குது."

"மெஷின் ரிப்பேர் ஐயா. பாத்துட்டிருக்காங்க. நாளைக்குக் கூப்பிடுங்களேன்."

"நாளைக்கு நான் இருக்க மாட்டேன் சார்."

நூலகரின் பேனா மூடி கீழே விழுந்து உருண்டது.

"அட, அந்த மாதிரி இல்ல! ஆஸ்பத்திரியில இருப்பேன். இன்னைக்கு ஆறு மணிக்குச் சேரணும், காலையில நெஞ்சைத் திறக்கறாங்க. போனைக் கையிலேருந்து வாங்கி வெச்சுக்குவாங்களாம். ஏழு மாசமா ஒரே கதை கேக்கறேன் சார், ரெண்டு அத்தியாயம்தான் பாக்கி. மலைப்பாதையில பஸ்ஸை விட்டு இறங்கினானே, அவன் வீடு போய்ச் சேர்ந்தானா?"

"அவன் போய்..."

"சொல்லாதீங்க! சொன்னா உங்க மேல கேஸ் போட்டுட்டுத்தான் ஆபரேஷனுக்கே போவேன்."

நான் சும்மா இருக்கக்கூடாதா? எட்டிப் போனை வாங்கி, புத்தகம் அலமாரியில்தான் இருக்கிறது, போனிலேயே நான் படித்துக் காட்டுகிறேன் என்றேன்.

"யாரு? அந்தத் துப்பறியும் கதையெல்லாம் படிப்பீங்களே, அந்த அம்மாவா? தப்பா நினைக்காதீங்கம்மா. ஏழு மாசமா ஒரு ஆம்பளைக் குரல்ல நடந்து வந்தவன். கடைசி ரெண்டு அத்தியாயம் உங்க குரல்ல போய் நின்னா வீட்டுல கதவு திறக்க மாட்டாங்க."

போனை நூலகரிடமே நீட்டினேன். வீட்டில் இதைச் சொன்னபோது என் மகன் நாற்காலியை விட்டு விழுந்து சிரித்தான். அது வேறு விஷயம்.

"அதோட," என்றார் தையல்காரர், குரலைத் தாழ்த்திக்கொண்டு. "அது எனக்குன்னு ஒரு இடம் வெச்சிருக்கும் பாருங்க, நிறுத்தின இடம்னு. அது இன்னும் இருக்கான்னு தெரிஞ்சுக்கணும்."

அப்போது பூட்டம்மா பக்கத்து அறையில் தரையில் உட்கார்ந்திருந்தாள். தலையைத் திருப்பாமலே கேட்டாள்: "எவ்வளவு நேரம் பாக்கின்னு சொல்லுச்சு ஐயா?"

"ஒரு மணி பத்து நிமிஷம்மா."

"நாலே முக்காலுக்குள்ள நாங்களே கூப்பிடறோம்."

சொல்லிவிட்டாள். இவள் வாக்குக் கொடுத்து நான் அதிகம் பார்த்ததில்லை. உப்பு உப்புதான் என்று சொல்வதற்கே சீட்டு ஒட்டிவிட்டுத்தான் சொல்பவள்.

அவள் ஏன் தரையில் உட்கார்ந்திருந்தாள் என்று சொல்ல வேண்டும். வி.எம். ஒன்றைக் குடிவைத்தால் லினக்ஸ் தானாக ஒரு நெட்வொர்க் கொடுக்கும். அதில் குடியிருப்பவர் வெளியே போய் வரலாம். ஆனால் வெளியார் யாரும் நேரே வந்து அவர் கதவைத் தட்ட முடியாது. எல்லாம் வீட்டுக்காரர், அதாவது புதுக் கணினி, பெயரில்தான் நடக்கும். சும்மா செய்தி படிக்கிற கணினிக்கு அது போதும். நம் பெரியவருக்கு வேலையே வருகிறவர்களுக்குப் பதில் சொல்வது. சுவரில் மாட்டிய தொலைபேசிப் பெட்டி, யார் அழைத்தாலும், பழைய முகவரியில்தான் அவரைத் தேடும். ஆகவே வீட்டுக்குள் பிரிட்ஜ் என்கிற ஒரு பாலம் கட்டி, கணினியின் நெட்வொர்க் துளையை ஒரு முனையிலும் பெரியவரை இன்னொரு முனையிலும் சேர்க்க வேண்டும். அப்போது பெரியவர் தன் சொந்தப் பெயரிலேயே தெருவுக்கு வரலாம். அப்படிக் கட்டும்போது துளையில் இருக்கும் முகவரியைக் கழற்றிப் பிரிட்ஜுக்கு மாட்ட வேண்டுமாம். எங்கோ தூரத்திலிருந்து இதைச் செய்பவர்கள், பாதி வேலையில் தங்கள் இணைப்பையே அறுத்துக்கொண்டு விழித்துக்கொண்டு நிற்பார்களாம். பூட்டம்மாவா அப்படி நிற்பாள்? அந்த அறைக்கே வந்து, கணினிக்கு நேர் முன்னால் சம்மணம் போட்டு, கீபோர்டை மடியில் வைத்துக்கொண்டாள்.

பிரிட்ஜ் பன்னிரண்டரைக்கு முடிந்தது. பெரியவர் வீட்டுக்காரரைக் கூப்பிட்டார், பதில் வந்தது. வீட்டுக்காரர் தொலைபேசிப் பெட்டியைக் கூப்பிட்டார், பதில் வந்தது. பெரியவர் தொலைபேசிப் பெட்டியைக் கூப்பிட்டார். ஒரு சத்தமும் இல்லை.

"ஏம்மா, வீட்டுக்காரர் ரெண்டு பேர்கிட்டயும் பேசுறாரே, இவர் சொல்றதை அவர்கிட்ட சொல்லிட வேண்டியதுதானே?"

"சொல்றார் அத்தை. அது போய்ச் சேருதான்னு பாக்கணும்."

லினக்ஸின் காவல் விதிகளை ஒவ்வொன்றாகப் படித்தாள். பெரியவரை மறிக்கிற விதி எதுவும் இல்லை. அதே முகவரியை வேறு யாராவது திருடி வைத்திருக்கிறார்களா என்று தேடினாள், இல்லை. ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதி, பக்கத்தில் ஒரு கோடு போட்டாள். நூலகர் கால் மணிக்கு ஒருமுறை வந்து வாசலில் நின்றார்.

"மேடம், ஒருவாட்டி ரீஸ்டார்ட் பண்ணிப் பாக்கலாமா?"

"உங்களையா சார்?"

அவர் போய்விட்டார்.

பிறகு அவள் ஒட்டுக்கேட்க ஆரம்பித்தாள். லினக்ஸில் அதற்கென்றே ஒரு கருவி உண்டாம். அதைக் கேள்விப்பட்ட அன்றுதான் அவள் தொழில் மேல் எனக்கு முழு மரியாதை வந்தது. அந்தக் கலையில் எனக்கும் அனுபவம் உண்டு என்பதால் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தேன். பெரியவரின் அறைக்குள் ஒரு காது, பிரிட்ஜின் மேல் ஒரு காது, வெளியே போகும் துளையில் ஒரு காது. திரையில் மூன்று கட்டங்கள். மூன்றிலும் விநாடிக்கு ஒருமுறை ஒரே வரி ஓடியது: இந்த முகவரிக்காரர் யார், பெரியவருக்குச் சொல்லவும். இந்த முகவரிக்காரர் யார், பெரியவருக்குச் சொல்லவும். கேள்வி போய்க்கொண்டே இருந்தது. பதில் ஒன்றுகூட இல்லை.

"வாசல் வரைக்கும் போகுது அத்தை. தெருவுல யாரோ பிடிச்சு வெச்சுக்கறாங்க."

கேபிளை மாற்றினாள். அதே கதை. கொண்டு வந்த சாப்பாட்டை டப்பாவிலிருந்தே, திரையைப் பார்த்தபடி சாப்பிட்டாள். இரண்டரை மணிக்குத் தையல்காரர் மறுபடியும் கூப்பிட்டார்.

"அவசரம் இல்ல சார், சும்மாதான். பையெல்லாம் எடுத்து வெச்சாச்சு. சொந்தச் சட்டை கூடாதாம். ஆஸ்பத்திரிச் சட்டையைத் தடவிப் பாத்திருக்கேன், ஒரு தையல்கூட நேரா இருக்காது. அதைப் போட்டுக்கிட்டுப் படுக்கணுமேன்னுதான் கவலை."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

மூன்றேகாலுக்கு அவள் ஒரு காரியம் செய்தாள். புதுக் கணினியிலிருந்து கேபிளை உருவி, தன் மடிக்கணினியில் செருகினாள். அந்த மடிக்கணினி மேல்மாடி, வாசிப்பறை, ஒலிப்பதிவு அறை எல்லாவற்றிலும் கம்பியில்லாமலே பேசுகிற வாயாடி. இந்தக் கேபிளில் ஊமையாகிவிட்டது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகக் காது சிவந்தது. கல்யாணத்துக்குப் பிறகு நான் பார்த்த ஒரே வெட்கம்.

எழுந்து நடைபாதைக் கோடிக்குப் போனாள். அங்கே சுவரில் ஓர் இரும்பு அலமாரி. கட்டடத்தின் எல்லாக் கேபிள்களும் வந்து சேரும் ஸ்விட்ச் அதற்குள் இருக்கிறது. இருபத்துநாலு துளைகளும் பச்சை விளக்குகளுமாக. சாவி அவள் இடுப்பில்தான். திறந்ததும் கதவின் உட்புறம் ஒரு சீட்டு, ஓரம் பழுத்து:

'ஒரு துளைக்கு ஒரு கணினி. முதலில் வந்ததற்கே இடம். யார் கேட்டாலும் மாற்றாதே.'

அதன் கீழே சின்ன எழுத்தில்: 'நீயே கேட்டாலும்.'

நூலகர் கழுத்தை நீட்டிப் படித்தார். "யார் மேடம் இப்படியெல்லாம் எழுதி வெச்சது?"

"யாரோ ஒரு முட்டாள் சார்."

"உங்க கையெழுத்து மாதிரி இருக்கே."

"அதே முட்டாள்தான்."

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒலிப்பதிவுக்கு வந்த ஒருவர் வீட்டிலிருந்து ஒரு வைஃபை பெட்டியைக் கொண்டுவந்து, கேட்காமல் சுவரில் செருகிவிட்டார். அந்தப் பெட்டி கட்டடத்திலுள்ள கணினிகளுக்கெல்லாம் தன் இஷ்டத்துக்கு முகவரி கொடுத்து, ஒரு நாள் முழுக்க ஒன்றோடொன்று பேச முடியாமல் அடித்தது. அன்று போட்ட பூட்டு இது. இதுவரை சொன்ன முகவரி போக, ஒவ்வொரு நெட்வொர்க் கார்டுக்கும் பிறக்கும்போதே வேறொரு முகவரி உண்டு. ஒரு துளையில் எந்த முகவரி முதலில் வருகிறதோ அதை ஸ்விட்ச் மனதில் வைத்துக்கொள்ளும். வேறு யார் வந்தாலும் சத்தமில்லாமல் தள்ளிவிடும். உடம்பில்லாத பெரியவருக்கும் லினக்ஸ் ஒரு பிறவி முகவரி கொடுத்திருந்தது. பிரிட்ஜ் வழியாக அவர் தன் சொந்தப் பெயரில் வாசலுக்கு வந்ததும், வீட்டுக்காரர் முகத்தை மட்டுமே தெரிந்த காவல்காரன் மறித்துவிட்டான்.

சத்தமில்லாமல் என்றா சொன்னேன்? ஸ்விட்சும் பன்னிரண்டரையிலிருந்து புகார் அனுப்பிக்கொண்டுதான் இருந்தது. இம்மாதிரிப் புகார்களை யாருக்கு அனுப்ப வேண்டும் என்று இவள் அன்றைக்கு எழுதி வைத்திருந்தாள் தெரியுமா? பெரியவருக்கு. அதாவது பெரியவரை வாசலில் மறித்து வைத்துக்கொண்டு, "யாரோ ஒருத்தர் வந்து நிற்கிறார்" என்று பெரியவருக்கே ஆள் அனுப்பிக்கொண்டிருந்தது அது. நான் அந்த நடைபாதையில் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். நூலகருக்கு மூன்று முறை விளக்க வேண்டியிருந்தது.

நானாக இருந்தால் பூட்டையே பிடுங்கி எறிந்திருப்பேன். அவள் செய்யவில்லை. புதுக் கணினியின் கேபிள் வந்து சேரும் பன்னிரண்டாம் துளைக்கு மட்டும் இரண்டு பேர் என்று மாற்றி, இரண்டு பேருடைய முகவரியையும் எழுதிச் சேர்த்தாள். மற்ற இருபத்துமூன்றும் பழையபடியே. பிறகு நூலகரின் பேனாவை வாங்கி, 'நீயே கேட்டாலும்' என்பதை ஒரு கோடு போட்டு அடித்து, 'நீ கேட்டால் காரணத்தைக் கேள்' என்று எழுதினாள்.

கேபிளைத் திரும்பச் செருகியதும் மூன்று கட்டங்களிலும் ஒரே நேரத்தில் பதில் வந்து விழுந்தது. நூலகர் தன் போனிலிருந்து எண்ணை அமுக்கிப் பார்த்தார். பெரியவர் பேசினார். நாலு இருபத்தைந்துக்குத் தையல்காரரைக் கூப்பிட்டுச் சொன்னோம்.

"இடம் இருக்கா?" என்றார்.

"நீங்களே அமுக்கிக் கேளுங்க ஐயா," என்றாள் பூட்டம்மா.

நாலு முப்பத்திரண்டுக்கு அவர் அழைப்பு வந்தது. அலமாரியில் ஒரு பச்சை விளக்கு படபடவென்று துடித்தது. நாங்கள் மூன்று பேரும் அதைச் சூழ்ந்து நின்றோம். மலைப்பாதையில் இறங்கியவன் வீட்டுக்குப் போகும் வரை, ஒரு மணி பத்து நிமிஷமும் ஒரு சொல் விடாமல் கேட்டு முடித்து, நெஞ்சில் பாரமில்லாமல் தையல்காரர் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார். நூலகர் தேம்பித் தேம்பி அழுதார்.

இதுவரை எழுதியதை இப்போதுதான் மருமகளிடம் சத்தமாகப் படித்துக் காட்டினேன். துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"பத்தாயிரம் இல்ல அத்தை. அறுநூத்திப் பன்னெண்டு."

"அதைத்தான் முதல்லயே ஒத்துக்கிட்டேனே."

"நூலகர் அழலை. அவருக்கு ஜலதோஷம்."

"சரி, விடு."

"தையல்காரர் முடிக்கவும் இல்ல."

நான் கண்ணாடியைக் கழற்றினேன். அவள் ஒரு சட்டையை மடித்து, கையால் நீவி, அடுக்கில் வைத்துவிட்டுச் சொன்னாள்.

"நீங்க அஞ்சு மணி பஸ்ஸுக்குக் கிளம்பிட்டீங்க. பன்னெண்டு நிமிஷம்தான் கேட்டார். லைன் அறுந்துடுச்சோன்னு பயந்து, கால் வந்த பதிவை எடுத்துப் பாத்தேன். அறுந்து போகலை. அவரேதான் நிறுத்தற எண்ணை அமுக்கியிருந்தார். அப்புறம் பதினாறு நாள் ஒண்ணும் இல்ல. பதினேழாவது நாள் காலையில பத்தே காலுக்குக் கூப்பிட்டார். முப்பத்தொண்ணாவது அத்தியாயம், பன்னெண்டாவது நிமிஷத்துலேருந்து. அதை எழுதுங்க."